மலிவு விலைக் கடை ஸ்ட்ராம்போலி: பெட்டியைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து மறுநாள் தோசைக்கல் வரை

பீட்சா மாவில் சீஸும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிச் சுடும் ரொட்டிதான் ஸ்ட்ராம்போலி. நான் முதன்முதலில் சுட்ட ஸ்ட்ராம்போலி வெளியே பார்க்க அத்தனை அழகு. நல்ல பொன்னிறம், கீறல்கள் வழியே எட்டிப் பார்க்கும் சீஸ், வீடெல்லாம் பூண்டு வாசனை. நடுவில் வெட்டினால் பச்சை மாவு. பெட்டியில் போட்டிருந்த நேரத்தை ஒரு நிமிடம் பிசகாமல்தான் பின்பற்றியிருந்தேன். அன்று சாப்பிட வந்திருந்த நண்பர், "பரவாயில்லங்க, ஓரத்துத் துண்டு எனக்குப் போதும்" என்று இரண்டு முனைகளையும் எடுத்துக்கொண்டார். நடுத் துண்டுகள் மறுபடி ஓவனுக்குப் போயின. வெளியே வந்தபோது மேல்தோல் கருகி, வறுத்த அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அதற்கப்புறம் மூன்று குளிர்காலங்களில் பத்துப் பன்னிரண்டு பெட்டிகளாவது வாங்கியிருப்பேன். இப்போது எனக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. அமெரிக்க மலிவு விலைக் கடையில் கிடைக்கும் ஸ்ட்ராம்போலியை மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது வேலை முடியாத பொருள். பீட்சாக் கடைக்காரர் தன் கல் அடுப்பின் கடும் சூட்டில் செய்து முடிக்கும் கடைசி வேலை, பெட்டியை வாங்கியவர் தலையில் விழுகிறது. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கடைசி வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப்போகிறேன்.

முதலில், இது என்ன ரொட்டி?

பீட்சா மாவை நீள்சதுரமாகத் தேய்த்து, மேலே சீஸும் பெப்பரோனி, சலாமி, ஹாம் போன்ற இறைச்சித் துண்டுகளும் பரப்பி, பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, ஓரங்களை ஒட்டிச் சுட்டால் ஸ்ட்ராம்போலி. குறுக்கே வெட்டினால் உள்ளே சுருள் தெரியும். பலரும் இதோடு குழப்பிக்கொள்ளும் கால்சோனே வேறு பண்டம். வட்ட மாவின் ஒரு பாதியில் பூரணம் வைத்து, மறுபாதியை மேலே மடித்து, ஓரத்தை அழுத்தி மூடுவது அது. நம் சோமாசியை உள்ளங்கை அளவிலிருந்து சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கினால் கால்சோனே. அது நேப்பிள்ஸிலிருந்து வந்தது. ஸ்ட்ராம்போலி பிறந்ததோ அமெரிக்காவில்.

ஃபிலடெல்ஃபியா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எஸிங்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே உணவகம் நடத்திய நாசரேனோ ரோமனோ 1950இல் இதை விற்கத் தொடங்கினார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. அதே ஆண்டுதான் ரோபர்ட்டோ ரொசெலினி இயக்கி இங்கிரிட் பெர்க்மன் நடித்த 'ஸ்ட்ராம்போலி' படம் வெளியானது. படத்தைவிட அந்த இருவரின் காதல் விவகாரம்தான் அமெரிக்கப் பத்திரிகைகளில் அதிகம் ஓடியது. ஊரே பேசிக்கொண்டிருந்த பெயரை ரொட்டிக்கு வைத்துவிட்டார்கள். நாட்டின் இன்னொரு கோடியில், வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரத்திலும் 1954இல் ஒருவர் இதே பெயரில் விற்றதாக உரிமை கொண்டாடுவது உண்டு. எனக்கு எஸிங்டன் கதைதான் பொருத்தமாகப் படுகிறது. ஃபிலடெல்ஃபியா சுற்றுவட்டாரத்தில் இன்றைக்கும் ஸ்ட்ராம்போலி இல்லாத பீட்சாக் கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இத்தாலிக்குப் போய் ஸ்ட்ராம்போலி எங்கே கிடைக்கும் என்று கேட்டால், சிசிலிக்கு வடக்கே ஓயாமல் புகைந்துகொண்டிருக்கும் எரிமலைத் தீவுக்குப் படகு ஏறும் இடத்தைக் காட்டுவார்கள். உள்ளே இருக்கும் பெப்பரோனியின் கதையும் அதுதான். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குக் குடைமிளகாய் என்று பொருள். காரமான இறைச்சித் துண்டை அந்தப் பெயரால் அழைப்பது அமெரிக்கப் பழக்கம்.

கடையில் இதே குடும்பத்துப் பொருள்கள் 'பெப்பரோனி பிரெட்', 'ஸ்டஃப்டு பிரெட்', 'பெப்பரோனி ரோல்' என்ற பெயர்களிலும் கிடைக்கும். கடைசியாகச் சொன்னது மேற்கு வர்ஜீனியாச் சொத்து. ஃபேர்மான்ட் நகரத்தில் பேக்கரி வைத்திருந்த ஜுசெப்பே ஆர்ஜிரோ, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் ஒரு கையில் பிடித்துச் சாப்பிடுவதற்காக 1927 வாக்கில் அதைச் செய்யத் தொடங்கினார் என்பார்கள். அது சின்ன பன் அளவில் இருக்கும், சுடும் நேரமும் குறைவு. இந்த வழிகாட்டி பெரிய சுருளுக்கானது.

எந்தக் கடை, எந்த அலமாரி

அமெரிக்காவில் மலிவு விலை மளிகைக் கடை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆல்டி. ஜெர்மனியின் எஸ்ஸன் நகரத்தில் 1913இல் திறந்த குடும்பக் கடை அது. 1946இல் கார்ல், தியோ என்ற இரு ஆல்பிரெக்ட் சகோதரர்கள் பொறுப்பேற்றார்கள். கடையில் சிகரெட் விற்கலாமா கூடாதா என்ற தகராறில் 1960களின் தொடக்கத்தில் நிறுவனத்தையே வடக்கு, தெற்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஆல்டி பெயர்ப் பலகையோடு இருப்பது தெற்கு. அது 1976இல் அயோவாவில் முதல் கடை திறந்தது. டிரேடர் ஜோஸ் என்ற அமெரிக்க மளிகைக் கடை 1979இல் வடக்குக் குடும்பத்தின் கைக்குப் போனது. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை கடல் தாண்டியும் தொடர்கிறது. இன்னொரு ஜெர்மன் கடையான லிடில் 2017இல் வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு எதற்கு என்றால், இவர்கள் மலிவாக விற்கும் விதம் நீங்கள் வாங்கும் ரொட்டியைத் தொடுகிறது. ஆல்டியில் சாமான் தள்ளும் வண்டியை எடுக்கவே 25 சென்ட் நாணயம் போட வேண்டும், திருப்பி வைத்தால் நாணயம் கிடைக்கும். வண்டி பொறுக்க ஆள் வேண்டாம். சாமான்கள் வந்த அட்டைப்பெட்டியோடே அலமாரி ஏறும். பெரும்பாலான பொருள்கள் கடையின் சொந்த பிராண்ட். அதனால் ஒரு வகைக்கு ஒரு பெட்டிதான், பத்து நிறுவனத்து ஸ்ட்ராம்போலியை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இல்லை. அதே சமயம், பருவத்துக்கு வரும் பொருள்கள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இலையுதிர்காலம் முதல் பிப்ரவரி வரை, அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை டிவியில் பார்த்தபடி கொறிக்கும் பண்டங்கள் வந்து குவியும் மாதங்களில்தான் எனக்கு இது அதிகம் கண்ணில் பட்டிருக்கிறது. இந்த வாரம் பார்த்தது அடுத்த வாரம் இருக்காது. நான் எந்தப் பெட்டியின் பெயரையும் இங்கே சொல்லாததற்கு இதுவே காரணம்.

இரண்டு இடங்களில் தேடுங்கள். ஒன்று, குளிர்ப்பெட்டியில் பெரிய வட்டப் பீட்சாக்கள் அடுக்கிய இடத்துக்குப் பக்கம். இன்னொன்று, ஃப்ரீசர். கிடைத்தால் குளிர்ப்பெட்டியில் இருப்பதையே எடுங்கள். உறைந்ததைவிட அதைச் சரியாகச் சுடுவது எளிது.

விலையைப் பார்க்கும்போது பெரிய எண்ணை விட்டுவிட்டு, அலமாரிச் சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும் அவுன்ஸ் கணக்கைப் பாருங்கள். நீளமான பெட்டிக்குள் குட்டையான ரொட்டி இருப்பது சகஜம். ஒரு பவுண்டு எடையுள்ள சுருள் இரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடு, நாலு பேருக்கு மாலைச் சிற்றுண்டி.

பெட்டியின் பின்பக்கம்

நம் ஆட்கள் அவசரத்தில் தவறவிடுவது இதைத்தான். பெப்பரோனி என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்தது. இரண்டில் ஒன்றைத் தவிர்ப்பவரானாலும் பொருள்பட்டியலைப் படித்தே ஆக வேண்டும். 'டர்க்கி பெப்பரோனி' என்றால் வான்கோழி, ஆனால் அது தானாக ஹலால் ஆகிவிடாது. ஹலால் முத்திரை தனியாக இருக்க வேண்டும். இத்தாலியன் என்ற பெயரில் வரும் பெட்டியில் ஹாம், சலாமி, காப்பிக்கோலா என்று மூன்று நான்கு வகை இறைச்சி ஒன்றாக இருக்கும். பெரும்பாலும் பன்றிதான்.

இறைச்சி இல்லாத கீரை, ரிக்கோட்டா (மெத்தென்ற ஒரு சீஸ்) வகை சில சமயம் வரும். சைவர்கள் அதோடு நிம்மதி அடைந்துவிட வேண்டாம். பாலைச் சீஸாக உறைய வைக்கும் ரெனெட் கன்றின் இரைப்பையிலிருந்தும் வரலாம், நுண்ணுயிரியிலிருந்தும் வரலாம். வெறும் 'என்சைம்ஸ்' என்று எழுதியிருந்தால் எது என்று தெரியாது. 'மைக்ரோபியல்', 'வெஜிடேரியன்' என்ற சொல் கூடவே இருந்தால் கவலை இல்லை. இத்தாலியின் அசல் பார்மசான் சீஸான பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்று ரெனெட் கட்டாயம், பெக்கொரீனோ ரோமானோ என்ற ஆட்டுப்பால் சீஸுக்கு ஆட்டுக்குட்டி ரெனெட். உள்ளே இருக்கும் மொசரெல்லா சீஸில் பிரச்சினை இல்லாமல் இருந்து, மேலே தூவிய பார்மசானில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். ரொட்டிக்குப் பளபளப்பு வர மேலே முட்டை பூசியிருப்பார்கள், அதையும் கவனியுங்கள்.

அடுத்து உப்பு. பெட்டியின் முகப்பில் இருக்கும் கலோரி எண் ஒரு பரிமாறலுக்கு. ஒரு பரிமாறல் என்பது கால் சுருளோ ஐந்தில் ஒரு பங்கோ இருக்கும். உதாரணத்துக்கு, கால் சுருளுக்கு 700 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், பசியில் பாதிச் சுருளை முடிப்பவருக்கு 1,400 மில்லிகிராம். ஒரு நாளைக்கு அமெரிக்க லேபிள் வைத்திருக்கும் வரம்பே 2,300தான். இரத்த அழுத்த மாத்திரை போடும் பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வீடுகளில் இந்தக் கணக்கு முக்கியம்.

கடைசியாக ஒரு சொல்லைத் தேடுங்கள். 'குக்' என்கிறதா, 'ஹீட்' என்கிறதா? நன்றாகச் சமைக்கவும் என்றால் உள்ளே இருப்பது பச்சை மாவு. சூடாக்கவும் என்றால் பாதியோ முழுதோ ஏற்கெனவே சுட்டது. பெட்டியின் பிளாஸ்டிக் ஜன்னல் வழியே பார்த்தாலும் தெரியும்: வெளிறி, தொட்டால் அமுங்கினால் பச்சை மாவு. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காமல்தான் முதல்முறை நான் கோட்டை விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும்

அன்றே சுடுவதென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே, அதாவது 4 டிகிரி செல்சியஸ். இங்கிருந்து எல்லா எண்ணும் ஃபாரன்ஹீட்தான், அமெரிக்க ஓவனில் அதுதான் இருக்கும். உறைந்த சுருளை முந்தைய இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் நடுப்பகுதியும் இளகிவிடும். ஆனால் உறைந்த நிலையிலேயே சுட வேண்டும் என்று பெட்டி சொன்னால் அதைக் கேளுங்கள். சில மாவு இளகினால் தொளதொளத்து ஒட்டு பிரிந்துவிடும். சமையல் மேடையில் காலையிலிருந்து மாலைவரை வைத்து இளக்குவது மட்டும் வேண்டாம், உள்ளே இறைச்சியும் சீஸும் இருக்கின்றன.

ஓவன்: இங்கேதான் எல்லாம்

முதல் வேலை, ஓவனைக் காலி செய்வது. நம் வீடுகளில் ஓவன் என்பது கடாய்களும் தோசைக்கல்லும் உறங்கும் அலமாரி. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பட்டனை அமுக்கி, பிளாஸ்டிக் மூடியை உருக்கிய வீடுகள் ஒன்றிரண்டல்ல. எங்கள் வீடும் சேர்த்தி.

நடுத் தட்டை ஒரு படி கீழே இறக்கி வையுங்கள். ஸ்ட்ராம்போலிக்கு மேலிருந்து வரும் சூட்டைவிட அடியிலிருந்து வரும் சூடு முக்கியம். பெட்டி சொல்லும் வெப்பத்துக்கு, பெரும்பாலும் 375லிருந்து 400 டிகிரிக்குள், ஓவனைச் சூடேற்றுங்கள். சூடாகிவிட்டது என்று அது பீப் அடிக்கும்போது உள்ளே காற்றுதான் சூடாகியிருக்கும். சுவரும் தட்டும் சூடேற இன்னும் பதினைந்து நிமிடமாவது விடுங்கள். கன்வெக்‌ஷன் விசிறி ஓடும் ஓவனானால் 25 டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

ட்ரே உலோகமாக இருக்கட்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துச் சூடான ஓவனுக்குள் தள்ளினால் கண்ணாடி விரிசல் விடலாம். ட்ரேயையும் ஓவனுக்குள்ளேயே சூடேற்றி, ஒட்டாத பார்ச்மென்ட் பேப்பரில் வைத்த சுருளைப் பேப்பரோடு அதன்மேல் சரித்து விட்டால், அடிப்பகுதி நமத்துப்போகாமல் வரும். பீட்சாக் கடையின் கல் செய்யும் வேலையைக் கொஞ்சமாவது அந்த ட்ரே செய்துவிடும். பெட்டிக்குள் சுருளுக்கு அடியில் ஒரு அட்டை இருக்கும், அதை எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள்.

ஒட்டு கீழே இருக்க வேண்டும். மாவின் ஓரத்தை அழுத்தி மூடிய கோடு நீளவாக்கில் ஓடும். அது பக்கவாட்டில் இருந்தால் சீஸ் உருகி வழிய அதுதான் வாசல். இரண்டு முனைகளையும் விரலால் ஒருமுறை கிள்ளி அடியில் மடித்துவிடுங்கள். மேலே கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கூரான கத்தியால் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக, மேல் மாவு மட்டும் வெட்டுப்படும் ஆழத்தில் போடுங்கள். உள்ளே சீஸிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் கிளம்பும் நீராவி வெளியே போக வழியில்லாவிட்டால் ரொட்டி தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும். மேலே கொஞ்சம் பால் அல்லது ஆலிவ் எண்ணெய் தடவலாம். முட்டை தடவினால் நிறம் சீக்கிரம் ஏறிவிடும், உள்ளே வெந்துவிட்டது என்று ஏமாற்றும்.

இப்போது என் முதல் தோல்விக்கான காரணம். சுருளின் உள்சுற்றில் இருக்கும் மாவு வெளியே இருக்கும் மாவைப்போல் நேராகச் சூட்டைப் பார்ப்பதில்லை. அதற்கு மேலும் கீழும் குளிர்ந்த சீஸும் இறைச்சியும் போர்வை போர்த்தியிருக்கின்றன. சீஸ் உருகி, அதன் நீர் ஆவியாகி, அதற்கப்புறம்தான் நடு மாவுக்குச் சூடு போகும். அதற்குள் வெளித்தோல் பழுத்துவிடும். எனவே நிறத்தை நம்பாதீர்கள். குச்சி வைத்த சமையல் வெப்பமானி பதினைந்து டாலருக்குள் கிடைக்கிறது. அதைச் சுருளின் நடுவில், கீறல் வழியே சாய்வாகச் செருகிப் பாருங்கள்.

என்ன எண் வர வேண்டும்? பல பெட்டிகளில் 165 டிகிரி என்று இருக்கும். அது இறைச்சிக்கான பாதுகாப்பு எண், கிருமிகள் சாக அது போதும். ஆனால் பச்சை மாவு ரொட்டியாக மாற 165 போதாது. 190 தாண்டினால்தான் பிசுபிசுப்பு போகும். ஏற்கெனவே சுட்டு விற்கும் சுருளுக்கு 165 போதும், பச்சை மாவுச் சுருளுக்கு நான் 190க்குக் குறைந்து எடுப்பதில்லை. பச்சை மாவை 'லேசா வெந்தா என்ன' என்று விட்டுவிடவும் கூடாது. மைதா மூட்டையில் வருவது சமைக்காத தானிய மாவு, அதிலும் கிருமி இருக்கலாம்.

நேரக் கணக்கு என் ஓவனில் இப்படி வந்தது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த ஒரு பவுண்டு சுருளுக்கு 375 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். இருபதாவது நிமிடம் மேலே நிறம் ஏறிவிட்டால் அலுமினியத் தாளைக் கூடாரம்போல் மேலே போர்த்துவேன். உறைந்ததை நேரே சுடும்போது 350 டிகிரி, முதல் 30 நிமிடம் தாள் போர்த்தி, அப்புறம் தாளை எடுத்து இன்னும் 15 நிமிடமோ அதற்கு மேலோ. உங்கள் ஓவன் வேறு மாதிரி இருக்கும். அதனால்தான் வெப்பமானி.

கொஞ்சம் சீஸ் வழிந்து ட்ரேயில் கருகத்தான் செய்யும். புகை எச்சரிக்கை மணி அலறும் முன் சமையலறை ஜன்னலைத் திறந்து வையுங்கள். கருகிய அந்தச் சீஸ் ஓரத்துக்கு எங்கள் வீட்டில் சண்டையே நடக்கும்.

ஏர் ஃப்ரையர்? முழுச் சுருள் பெரும்பாலும் கூடைக்குள் நுழையாது, நுழைந்தாலும் மேலே மட்டும் கருகும். பச்சை மாவுச் சுருளைப் பாதியாக வெட்டிப் போட்டால் சீஸ் முழுக்கக் கூடைக்கு அடியில். வேண்டாம்.

பத்து நிமிடம் பொறுங்கள்

ஓவனிலிருந்து எடுத்ததும் ட்ரேயிலேயே விட்டால் அடி நமத்துவிடும். கம்பி ரேக்கில் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். உடனே வெட்டினால் சீஸ் கத்தியோடு வந்துவிடும், சுருள் வெறும் ஓட்டையாக நிற்கும். பல் வைத்த பிரெட் கத்தியால், அழுத்தாமல் அறுத்து, ஒன்றரை அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள்.

சாஸ் தொட்டுக்கொள்ளத் தனியாக. பெட்டிக்குள் சின்னப் பாக்கெட்டில் வந்தால் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, அதே கடையில் ஒரு ஜாடி மரினாரா (தக்காளி சாஸ்) வாங்குங்கள். பொருள்பட்டியலில் சர்க்கரை இல்லாததாகப் பார்த்து எடுங்கள். சின்ன வாணலியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றி, இரண்டு பல் பூண்டு நசுக்கிப் போட்டு, கொரகொரப்பாகப் பொடித்த காய்ந்த மிளகாய் ஒரு சிட்டிகை சேர்த்து, சாஸை ஐந்து நிமிடம் கொதிக்க விட்டால் ஜாடி வாசனை போய்விடும். ஒருமுறை ஊரிலிருந்து வந்த தக்காளித் தொக்கைத் தொட்டுப் பார்த்தேன். நல்லெண்ணெயும் பெருங்காயமும் மொசரெல்லாவோடு ஒத்துப்போகவில்லை. தொக்கு இட்லிக்கே இருக்கட்டும்.

நல்லதா என்று எப்படிப் பார்ப்பது

முதலில் ஒரு துண்டைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அங்கங்கே பழுப்புப் புள்ளிகளோடு உலர்ந்திருந்தால் உங்கள் வேலை சரி. வெளிறி ஈரமாக இருந்தால் அடுத்தமுறை ட்ரேயை முன்கூட்டிச் சூடேற்றுங்கள், கடையைக் குறை சொல்ல எதுவும் இல்லை.

அப்புறம் வெட்டுமுகம். இரண்டு மூன்று சுற்றாவது தெளிவாகத் தெரிய வேண்டும். ஒரே சுற்றும் நடுவில் பெரிய காலி இடமும் இருந்தால், அது பூரணத்தில் கை இறுக்கிய பெட்டி. அது கடையின் கணக்கு, நீங்கள் எப்படிச் சுட்டாலும் மாறாது. பெப்பரோனி வட்ட வட்டமாக இல்லாமல் பொடியாக நறுக்கிப் போட்டிருந்தால் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் எண்ணெய் அதிகம் கசியும். எனக்கு வட்டம்தான் பிடிக்கும்.

மாவில்தான் மலிவு விலை தெரியும். பீட்சாக் கடையின் மாவு ஒரு நாளோ இரண்டு நாளோ குளிரில் புளித்திருக்கும், அதற்கு ஒரு மணமும் இழுத்து மெல்லும் பதமும் உண்டு. பெட்டி ரொட்டி மெத்தென்று, லேசாக இனிப்பாக, சாண்ட்விச் பிரெட்டின் ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி இருக்கும். அதைப் பீட்சாக் கடையோடு ஒப்பிட்டால் தோற்கும். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு, குழந்தைகளின் வீட்டுப்பாடத்துக்கு நடுவே அரைமணி நேரத்தில் மேசைக்கு வரும் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் நன்றாகவே தேறும்.

உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் பெட்டியையும் ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். சொந்த பிராண்ட் பொருள்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் உத்தரவாதம் பல மலிவு விலைக் கடைகளில் உண்டு. அமெரிக்க ஆல்டியில் பணமும் தந்து மாற்றுப் பொருளும் தருவதாக ஒரு உத்தரவாதம் இருக்கிறது. கேட்கக் கூச்சப்படுவது நம் பழக்கம், ஆனால் இது அவர்களே தரும் வாக்குறுதி.

மீந்தால்

வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். மைக்ரோவேவில் சூடாக்கினால் முதல் நிமிடம் மெத்தென்றும் ஐந்தாவது நிமிடம் செருப்புத் தோல் போலவும் இருக்கும். இங்கேதான் நம் தோசைக்கல் கைகொடுக்கிறது. இரும்புக் கல்லை மிதமான தீயில் வைத்து, துண்டை ரொட்டிப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கல்லின் ஓரத்தில் அரை ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடிவிடுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் சீஸ் இளகி, அடி முறுகும். நடு நன்றாகச் சுடச்சுட இருக்கிறதா என்று பார்த்துச் சாப்பிடுங்கள். எண்ணெய் வேண்டாம், உள்ளே இருப்பதே கசிந்து வரும்.

சைவர்களுக்கும் பெட்டி கிடைக்காதவர்களுக்கும்

அதே கடையின் குளிர்ப்பெட்டியில் பீட்சா மாவு உருண்டை, ஒரு பவுண்டு பையில், பல இடங்களில் கிடைக்கும். அதை வாங்கினால் ரெனெட் கவலையும் இறைச்சிக் கவலையும் உங்கள் கையில்.

மாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த மாவைத் தேய்த்தால் ரப்பர்போல் சுருங்கிக்கொண்டே இருக்கும். பரோட்டா மாவை ஊற விடுவது எதற்கோ அதற்கேதான் இதுவும். 14க்கு 10 அங்குல நீள்சதுரமாகத் தேய்த்து, சுற்றிலும் ஓர் அங்குலம் விட்டு, 200 கிராம் துருவிய மொசரெல்லாவைப் பரப்புங்கள். பாக்கெட்டில் வரும் கெட்டி மொசரெல்லாதான் வேண்டும், தண்ணீரில் மிதக்கும் புது உருண்டை வேண்டாம், எல்லாம் கூழாகிவிடும். உறைந்த கீரையானால் இளக்கி, துணியில் கட்டிப் பிழிந்து, ஒரு கைப்பிடி. வெங்காயமும் குடைமிளகாயும் காளானும் வதக்கி, முழுக்க ஆறவைத்துச் சேர்க்கலாம். சூடான காயைப் போட்டால் சுருட்டும்போதே மாவு பிரியும். பூரணம் மொத்தமும் மாவின் எடைக்கு மேல் போகக் கூடாது. சாஸ் உள்ளே வேண்டாம்.

நீளமான பக்கத்திலிருந்து, இறுக்கமாக இல்லாமல் சுருட்டுங்கள். ரொம்ப இறுக்கினால் நடு வேக இன்னும் தாமதமாகும். ஒட்டைக் கிள்ளி மூடி, கீழே திருப்பி, கீறல் போட்டு, 400 டிகிரியில் 25 நிமிடம். ஓரத்தில் சீஸ் கொதித்து வழியத் தொடங்கும்போது வெப்பமானியை நடுவில் செருகுங்கள். 190 தாண்டிவிட்டால் எடுத்து ரேக்கில் வையுங்கள். நடுத் துண்டு யாருக்கு என்று இந்தமுறை போட்டி இருக்கும்.